இரும்புக்குக் காசு உண்டு. கைக்குக் காசு இல்லையா?

(நாகர்கோவிலில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில், லாடத் தொழில் செய்யும் குடும்பங்களைச் சேர்ந்த குழு உறுப்பினர்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்களைப் பேசக் கூப்பிட்டபோது முதலில் தயங்கினோம். போன கூட்டங்களில் பேசிய சகோதரிகள் ஊறுகாய், தேன், சங்கு மாலை, கயிறு என்று தாங்கள் செய்த பொருளைக் கையோடு கொண்டுவந்து காட்டினார்கள். நாங்கள் எதைக் காட்ட? யோசித்துப் பார்த்து இரண்டு சாமான் எடுத்து வந்திருக்கிறோம். ஒன்று வண்டி மாட்டு லாடம். இன்னொன்று எங்கள் கணக்கு நோட்டு. லாடம் எங்கள் மாமனார் அடித்தது. நோட்டு நாங்கள் எழுதியது.

"லாடமெல்லாம் இப்போ எவன் அடிக்கான்?" என்று பின்னால் இருந்து ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

ஜோடிக்குப் பதினாறு

நம் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். தொழியில் உழுகிற மாட்டுக்கு லாடம் வேண்டாம். சேற்றில் குளம்பு தேயாது. லாடம் வேண்டியது ரோட்டில் நடக்கிற வண்டி மாட்டுக்கு. ஒரு காலத்தில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகக் கோட்டாறு சந்தைக்கு வண்டி வண்டியாகச் சரக்கு வரும். கல் ரோட்டில் நாலு நாள் நடந்தால் மாட்டுக் குளம்பு தேய்ந்து கால் ஊன்றாது. மாடு படுத்தால் வண்டி படுத்தது, வண்டி படுத்தால் குடும்பமே படுத்தது. அதனால் வண்டிக்காரர்களுக்கு லாடக்காரர் வேண்டியிருந்தது.

மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஒரு காலுக்கு இரண்டு லாடம், ஒரு மாட்டுக்கு எட்டு, ஒரு ஜோடிக்குப் பதினாறு. குதிரைக்கு அப்படியில்லை. காலுக்கு ஒன்று, மொத்தம் நாலே நாலு. குதிரையை நிற்க வைத்தே காலைத் தூக்கி மடியில் வைத்து அடிக்கலாம். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு ஆள் கழுத்தைப் பிடித்துக்கொண்டால்தான் அடிக்க முடியும். தீனி தின்று வயிறு நிறைந்திருக்கிற மாட்டைச் சாய்க்கக் கூடாது. சினை மாட்டைச் சாய்க்கவே கூடாது. சாய்க்கிற இடம் மணலாகவோ வைக்கோல் போட்டோ இருக்க வேண்டும்.

குளம்பு என்பது நம் நகம் மாதிரிதான். வெளிப்பக்கம் வெட்டினால் வலிக்காது. உள்ளே சதையும் ரத்தமும் எலும்பும் இருக்கிறது. காலைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் வெளுத்த கோடு ஒன்று தெரியும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே ஏறி, குளம்பின் பக்கச் சுவர் வழியாக வெளியே வர வேண்டும். வந்த முனையை முறுக்கி ஒடித்து, மடக்கி, அரத்தால் தேய்த்து விடுவோம். ஆணி உள்ளே சாய்ந்தால் போச்சு. மாடு நொண்டும், சீழ் பிடிக்கும். குதிரைக்கு ரணஜன்னி சீக்கிரம் வரும். உயிரே போய்விடும்.

எங்கள் மாமனார் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆணி சரியாக ஏறினால் சுத்தியல் அடி கணீரென்று கேட்கும். சதைப் பக்கம் போனால் சத்தம் மட்டாக இருக்கும். அப்போதே பிடுங்கி மறுபடி அடிப்பார். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. நாற்பது வருஷம் கைப்பழக்கம்.

பொறவு தாறேன்!

இவ்வளவு வேலைக்கும் கூலி என்ன? பாட்டா காலத்தில் அறுவடைக்குக் களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். பிறகு காசு வந்தது. காசு வந்தபோது ஒரு பழக்கமும் கூடவே வந்தது. இரும்புக்கும் ஆணிக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். அடிக்கிற கூலியைப் பற்றிப் பேச்சு வந்தால், "பொறவு தாறேன்" என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மாமனாரும் வாய் திறந்து கேட்க மாட்டார். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தார்.

வீட்டுப் பெண்கள் என்ன செய்தோம்? விடிவதற்கு முன்னால் எழுந்து உலை மூட்டினோம், துருத்தி போட்டோம். மாமியார் சம்மட்டி பிடிப்பார். நாங்கள் லாடத்தில் துளை போட்டோம், ஆணி நீட்டினோம், பழைய ஆணியைத் தட்டி நிமிர்த்தினோம். மாடு சாய்க்க ஆள் வராத நாளில் கயிறும் பிடித்தோம். ஆனாலும் யாராவது "உனக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "சும்மா வீட்ல இருக்கேன்" என்றுதான் சொன்னோம்!

ஒரு நாள் சாய்த்த மாடு கட்டை அறுத்துக்கொண்டு உதைத்தது. மாமனாருக்கு விலா எலும்பு இரண்டு ஒடிந்தது. இரண்டு மாதம் படுக்கை. வீட்டில் சேமிப்பு என்று ஒரு பைசா இல்லை. கந்துவட்டிக்கு வாங்கினோம். தர வேண்டியவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை. போய்க் கேட்டால், "அதெல்லாம் அப்பமே குடுத்தாச்சே" என்றார்கள். எழுத்து இல்லாத கடனை எப்படிக் கேட்பது?

அந்த வருஷம்தான் நாங்கள் பட்டறைத் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து குழு தொடங்கினோம். முதல் உள்கடன் அந்த வட்டிக் கடனை அடைக்கத்தான் போனது.

நோட்டு சொன்ன கணக்கு

குழுவுக்கு நோட்டு எழுதப் பழகியபோது, பட்டறைக்கும் ஒன்று போட்டால் என்ன என்று தோன்றியது. ஆம்பிளைகள் சிரித்தார்கள். நாங்கள் விடவில்லை. ஒரு மாதம் எழுதினோம். அந்தக் கணக்கு எப்படி இருந்தது என்று காட்ட, எளிதாக ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஜோடி மாட்டுக்கு லாடம் அடிக்க 1,200 ரூபாய் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு, ஆணி, கரிக்கு 450. போக்குவரத்துக்கு 150. உளி, அரம், கயிறு தேய்மானத்துக்கு 100. ஆக 700 செலவு. மீதி 500 ரூபாய்.

ஆம்பிளைகள் கணக்கு இது: இரண்டு பேர் அரை நாள், ஆளுக்கு நாலு மணி நேரம், மொத்தம் எட்டு மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு 500 ரூபாய், பரவாயில்லை!

எங்கள் நோட்டுக் கணக்கு வேறே. அந்தப் பதினாறு லாடத்தையும் முந்தின நாள் அடித்துத் துளை போட்டது யார்? இரண்டு பெண்கள், ஆளுக்கு மூன்று மணி நேரம். அதையும் சேர்த்தால் மொத்தம் பதினாலு மணி நேரம். 500 ரூபாயைப் பதினாலால் வகுத்தால் மணிக்கு 36 ரூபாய்கூட வரவில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 286 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கே ஒரு நாள் கூலி 319 ரூபாய்!

சகோதரிகளே, மாட்டு உதைக்குப் பயந்து, தீயில் வெந்து செய்கிற நுணுக்கமான வேலைக்கு, மண் வெட்டுகிற கூலியைவிடக் குறைவு. இது இத்தனை வருஷம் ஏன் தெரியவில்லை? பெண்களின் நேரத்தை யாரும் எழுதாததால்தான். எங்கள் ஆறு மணி நேரத்துக்குப் பூஜ்யம் போட்டதால் தொழில் லாபம் மாதிரி தெரிந்தது. வண்டி போய் டெம்போ வந்ததால் தொழில் செத்தது என்று எல்லாரும் சொல்லுவார்கள். அது பாதி உண்மை. அதற்கு முன்னாலேயே கூலி கேட்காமல் நாமே அதைப் பாதி கொன்றுவிட்டோம்.

கூலி கேட்ட கதை

கணக்கு தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? இரும்பு இவ்வளவு, அடிகூலி இவ்வளவு, தூரத்துக்கு வண்டிக்கூலி இவ்வளவு என்று தனித்தனியாகச் சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தோம். கூலியையும் கூட்டினோம். முதல் சீட்டைப் பார்த்த பெரியவர் ஒருவர் சொன்னது இன்னும் மறக்கவில்லை: "இரும்புக்கு வேணும்னா துட்டு கேளுங்க. அடிக்கதுக்கு என்ன துட்டு? உங்க பாட்டா காலத்துல இருந்து அடிக்கியளே!"

எங்கள் வீட்டிலேயே சண்டை வந்தது. "பொம்பளையோ பேச்சைக் கேட்டா உள்ள கிராக்கியும் போயிரும்" என்றார் கொழுந்தனார். உண்மைதான், சிலர் போனார்கள். அந்த மூன்று மாதமும் எங்களுக்கே பயம். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று இரவெல்லாம் பேசினோம். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை. எல்லாரும் வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால் மிச்சம் இருந்தவர்களிடம் வந்த காசு, முன்பு எல்லாரிடமும் வந்த காசைவிடக் கூடுதல்.

நாங்கள் தவறின நாளையும் சொல்ல வேண்டும். கூலி கேட்டால் பொறுப்பும் கேட்கும். ஒரு தடவை அவசரத்தில் ஒரு ஆணி உள்ளே சாய்ந்துவிட்டது. அன்று மாடு நடந்துவிட்டது. மூன்றாம் நாள் நொண்டியது. "கல்லு குத்திருக்கும்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நோட்டைப் பார்த்தோம், நாங்கள் அடித்த தேதி இருந்தது. போய் லாடத்தைக் கழற்றினோம். கால்நடை மருத்துவரை வரவழைத்தோம், செலவை நாங்களே கொடுத்தோம். அந்த மாசம் லாபம் இல்லை. ஆனால் அந்த வண்டிக்காரர்தான் பிறகு பத்துப் பேரை எங்களிடம் அனுப்பினார்.

வெளியூரில் இது மதிப்பான தொழில்

லாடம் அடிப்பதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1975இல் சட்டமே போட்டார்கள். பதிவு பெற்ற லாடக்காரர் அல்லாமல் வேறு யாரும் குதிரைக்கு லாடம் அடிக்கக் கூடாது. சுமார் நாலு வருஷம் ஒரு குருவிடம் வேலை பழகி, தேர்வு எழுதித்தான் பதிவு பெற முடியும். அங்கே பெண்களும் இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். குதிரைக் குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும். அதனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். ஆகவே அங்கே லாடக்காரர் நாட்குறிப்பு வைத்து, அடுத்த தேதியைக் குறித்துவிட்டுத்தான் கிளம்புவார். வாடிக்கைக்காரர் தேடி வரும்வரை காத்திருப்பதில்லை.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ், லாடம் அடிப்போருக்கு உரிமம் வழங்குவதற்கென்றே 1965இல் தனி விதிகள் வந்தன. அதே 1965இல் பாரம் இழுக்கும் கால்நடைகளுக்கும் விதி வந்தது. ஒரு நாளைக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் மதியம் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது. மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படை மையத்தில் ராணுவக் குதிரைகளுக்கு லாடம் அடிக்க ஆட்களைப் பழக்குகிறார்கள்.

நமக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற உதாரணம் உத்தரப்பிரதேசம். அங்கே செங்கல் சூளைகளில் குதிரையும் கோவேறு கழுதையும் வண்டி இழுக்கின்றன. 1934இல் எகிப்து நாட்டுக் கெய்ரோவில் தொடங்கின புரூக் என்ற கால்நடை நல அமைப்பு, அந்தக் குடும்பத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்திருக்கிறது. நம்மைப் போலவே மாதம் மாதம் சேமிக்கிறார்கள். மொத்தமாகத் தீனி வாங்குகிறார்கள், ரணஜன்னி ஊசி போடுகிறார்கள். உள்ளூர் லாடக்காரருக்குப் பயிற்சியும் கிடைக்கிறது. அங்கே ஒரு கால்நடையின் கால்தான் ஒரு குடும்பத்தின் அடுப்பு. பெண்கள் அதைக் கூட்டாகக் காக்கிறார்கள்.

ஒரே இடத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சென்னை கிண்டியில் 1777இல் தொடங்கியது குதிரைப் பந்தயம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து அந்த இடத்துக்குச் சீல் வைத்தது. அந்த நியாயம் வேறு விஷயம். ஆனால் ஒரே மைதானத்தை நம்பிப் பிழைக்கிற குதிரைக்காரருக்கும் லாடக்காரருக்கும் அது ஒரே நாளில் வந்த இடி. நம் ஊரில் வண்டி போக முப்பது வருஷம் ஆனது. அங்கே ஒரு பூட்டு போதும்.

வண்டி போனது, குளம்பு போகவில்லை

இப்போது அந்த அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். லாடம் எவன் அடிக்கான்? நம் மாவட்டத்தில் வண்டி மாடு குறைந்துவிட்டது. பழனி குதிரை வண்டி, ஊட்டி, கொடைக்கானல் சவாரிக் குதிரை என்று வெளியூரில்தான் குதிரை வேலை கொஞ்சம் இருக்கிறது. அவ்வளவு தூரம் நாம் போக முடியாது.

ஆனால் ஒரு நாள் எங்கள் குழுச் சகோதரி ஒருத்தி, கடனில் வாங்கின கறவை மாடு நொண்டுகிறது, பால் குறைந்துவிட்டது என்று அழுதுகொண்டு வந்தாள். போய்ப் பார்த்தோம். சிமெண்ட் தரையில் கட்டியே போட்ட மாடு. நடக்காததால் குளம்பு தேயாமல் நீண்டு, செருப்பு மாதிரி முன்னால் வளைந்திருந்தது. மாமனார் அதைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்கு லாடம் வேண்டாம். நகம் வெட்டணும், அவ்வளவுதான்."

அன்றைக்கு எங்களுக்குக் கண் திறந்தது. எங்கள் தொழில் இரும்பில் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். அது குளம்பில் இருந்தது! வண்டி மாடு போனாலும் கறவை மாடும் ஆடும் வீட்டுக்கு வீடு நிற்கிறது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழை. ஈரமும் சாணியும் சேர்ந்தால் குளம்பு ஊறிப் புண் வரும். வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்துச் சீவிவிட்டால் மாடு நொண்டாது.

மாமனார் இரண்டு மருமக்களுக்கும் கை பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். கால்நடை மருந்தகத்தில் மருத்துவரும் நிறுத்தி வைத்துச் சீவும் முறையைக் காட்டினார். கறவை மாட்டை நாங்கள் சாய்ப்பதில்லை. மரச்சட்டம் அடித்து, அதற்குள் நிறுத்தி, ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கட்டிச் சீவுகிறோம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுப்போம். அடிப்பாகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கையை எடுத்துவிடுவோம். அதற்கு அப்பால் ரத்தம். புண், சீழ், வீக்கம் இருந்தால் தொடவே மாட்டோம், நேரே மருத்துவரிடம் அனுப்புவோம். ஊசி மருந்து எங்கள் வேலை இல்லை. எது நம் வேலை இல்லை என்று தெரிந்திருப்பதும் தொழிலில் ஒரு பாதி.

குழுக்கடனில் அரமும் உளியும் வாங்கினோம், மரச்சட்டம் செய்தோம். ஊர் ஊராகப் போகிறோம். போவதற்கு முன்னாலேயே கூலி சொல்லிவிடுவோம். முடித்ததும் சீட்டு எழுதுவோம், அடுத்த தேதியைக் குறிப்போம். ஒரு ஊரில் ஐந்து மாடு சேர்ந்தால் போக்குவரத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். இப்போதும் ஆண்டுக்குச் சில ஜோடி வண்டி மாடு வரும். அதற்கு லாடமும் அடிக்கிறோம். அந்த வேலையைக் கைவிடவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

நாங்கள் லாடக் கதை சொன்னாலும், இது தையல் செய்கிறவருக்கும், பூ கட்டுகிறவருக்கும், மாடு வளர்க்கிறவருக்கும் பொருந்தும். நாலு காரியம் சொல்கிறோம்.

முதலாவது, உங்கள் வீட்டுத் தொழிலில் உங்கள் நேரத்தை ஒரு மாதம் எழுதுங்கள். காலையில் உலை மூட்டினதும் வேலைதான், பூ பிரித்ததும் வேலைதான்.

இரண்டாவது, சாமான் விலை வேறு, கூலி வேறு. சீட்டில் தனித்தனியாகப் போடுங்கள்.

மூன்றாவது, உடம்பு ஒரு நாள் படுக்கும். வருமானத்தில் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள். வங்கிக் கணக்கு உள்ளவர்கள் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் சேருங்கள். 2022 ஜூன் முதல் வருஷத்துக்கு 20 ரூபாய்தான். ஆனால் அது விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். விலா ஒடிந்து இரண்டு மாதம் படுத்தால் வராது. அதற்கு நம் சேமிப்புதான் கை கொடுக்கும்.

நாலாவது, உங்கள் தொழில் உண்மையில் எதில் இருக்கிறது என்று குழுவில் உட்கார்ந்து பேசுங்கள். பொருள் மாறும், வாங்குகிறவர் மாறுவார். கையில் உள்ள வித்தை வேறு எங்கே பயன்படும் என்று தேடுங்கள்.

மாமனார் இப்போது இல்லை. கடைசிக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். படிக்கத் தெரியாது. "இதுல என் கூலி எங்க இருக்கு?" என்று கேட்பார். விரல் வைத்துக் காட்டுவோம். "உங்க அத்தை கூலி?" என்று அடுத்து கேட்பார். மாமியார் சம்மட்டி பிடித்த நாற்பது வருஷத்துக்கு எந்த நோட்டிலும் ஒரு வரி இல்லை. அதைக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை, சகோதரிகளே.

நம் பிள்ளைகள் கேட்கும்போது காட்ட ஒரு வரியாவது இருக்கட்டும். இன்றைக்கே எழுதத் தொடங்குவோம்.